சீட்டும் முறையும்: பனிக்காலக் கலைக்கூடல்கள்
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



குளிர்காலம் என்று ஒரே சொல்லால் பிற நாட்டார் குறிப்பதைத் தமிழர் மூன்றாகப் பகுத்தனர். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. ஆறு பெரும்பொழுதுகளுள் மூன்றைக் குளிருக்கே ஒதுக்கிய மொழி இது. பனி உறையாத நாட்டில் குளிருக்கு இத்தனை நுட்பமான பெயர்கள் எதற்கு என்னும் வினா எழுவது இயல்பே. இந்நாட்டில் மக்கள் ஒன்றுகூடும் காலம் அதுவே என்பது அதற்குரிய விடைகளுள் ஒன்றாகலாம். மழை நின்று, வெயில் தணிந்து, கதிர் முற்றி, கையில் சிறிது ஓய்வும் களத்தில் சிறிது நெல்லும் சேரும் காலம் அது. கலைகள் தம் சுவைஞரைத் தேடி வருவதும் அப்போதுதான். இந்தக் காலத்தில் கலைக்கூடங்கள் தம்மைச் சார்ந்தோரை எவ்வாறு கூட்டுகின்றன, திருவண்ணாமலை தன் மக்களை எவ்வாறு கூட்டுகிறது, இவ்விரண்டிலிருந்தும் ஓர் இலக்கிய வட்டம் கற்கத்தக்கது யாது என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் குளிர் நாடுகளின் நிலையைக் காண்போர்க்கு ஒன்று தெளிவாகும். அங்கே பனி, மனிதரை வீட்டுக்குள் அடைக்கிறது. பூங்கா வெறிச்சோடுகிறது, தெரு மாலையிலேயே இருண்டுவிடுகிறது. அவ்வேளையில் வெதுவெதுப்பான கூடமும் விளக்கும் உள்ள அருங்காட்சியகம் ஊரின் பொதுத் திண்ணையாக மாறுகிறது. அதற்கெனவே உறுப்பினர் முறை ஒன்று அங்கு வளர்ந்துள்ளது. பாரிஸ் நகரின் லூவர் அருங்காட்சியகத்துக்கு 1897ஆம் ஆண்டிலேயே நண்பர் கழகம் ஒன்று தோன்றியது. உறுப்பினர் தரும் தொகை கொண்டு கலைப்பொருள்களை வாங்கி அருங்காட்சியகத்துக்கு அளிப்பது அக்கழகத்தின் பணி. நியூயார்க்கிலுள்ள மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஊசியிலை மரம் ஒன்று நிறுத்தப்பட்டு, 18ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரக் கைவினைஞர் செய்த உருவங்கள் அதனைச் சூழ வைக்கப்படுகின்றன. தேவதூதரும் இடையரும் சந்தைக்குச் செல்வோருமாக அமைந்த அக்காட்சி, தமிழகத்துக் கொலுவைக் கண்டவர்க்கு அயலாகத் தோன்றாது. லொரெட்டா ஹைன்ஸ் ஹவர்ட் என்னும் அம்மையார் தாம் தேடிச் சேர்த்த அவ்வுருவங்களை 1964 முதல் அருங்காட்சியகத்துக்குக் கொடையாக அளித்தார். ஆண்டுதோறும் மக்கள் குழந்தைகளுடன் வந்து அதனைக் கண்டு செல்கின்றனர்.

இத்தகைய கூடங்களில் உறுப்பினராவது எளிது. ஆண்டுக் கட்டணம் செலுத்தினால் சீட்டு ஒன்று கையில் வரும். புதிய காட்சியைப் பிறர்க்கு முன்னரே காணலாம், சொற்பொழிவு கேட்கலாம், பிள்ளைகளை ஓவியப் பயிற்சிக்கு அழைத்து வரலாம். இது நல்ல ஏற்பாடே. ஆனால் அதன் நடுவே இருப்பது காட்சி. உறுப்பினர் என்பவர் பிறரைவிடச் சற்று முன்னே, சற்று நெருங்கி நின்று காணும் உரிமை பெற்றவர்.

தமிழகத்தில் அருங்காட்சியகம் வந்த வரலாறு சற்று வேறானது. 1851ஆம் ஆண்டு சென்னையில் அரசு அருங்காட்சியகம் தொடங்கியபோது அது புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில் இருந்தது. 1855இல் எட்வர்ட் பால்ஃபர் அருங்காட்சியகத்தோடு இணைத்து உயிருள்ள விலங்குகளையும் வைத்துக் காட்டினார். மக்கள் தயங்கவில்லை, ஒன்றினை உயிர் காலேஜ் என்றனர், மற்றதனைச் செத்த காலேஜ் என்றனர். அந்த இரண்டாம் பெயரில் நகைச்சுவை உண்டு, திறனாய்வும் உண்டு. பொருளைப் பெட்டிக்குள் வைத்த பின்னர் அதற்கும் தமக்கும் யாது உறவு என்று மக்கள் கேட்ட கேள்வியே அப்பெயர். ஆயினும் அவர்கள் அதனைப் புறக்கணிக்கவில்லை. காணும் பொங்கல் நாளில் குடும்பம் குடும்பமாக, கட்டுச்சோறும் கரும்பும் கொண்டு, எழும்பூர் வளாகத்துக்கு வந்தனர். காண்பதற்கென்றே ஒரு நாளைத் தைத் திங்களில் வைத்துக்கொண்ட சமூகம், அருங்காட்சியகத்தையும் அந்நாளின் கணக்கில் சேர்த்துக்கொண்டது. எந்தக் கழகமும் அவர்களை உறுப்பினராக்கவில்லை. நாட்காட்டியே அவர்களை உறுப்பினராக்கிற்று.

கட்டணம் செலுத்தி உறுப்பினராகும் முறையும் தமிழகத்தில் பனிக்காலத்தோடு சேர்ந்தே வேரூன்றியது. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது உடன் நிகழ்ந்த இசை மாநாட்டின் பயனாக 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. அதன்பின் சபாக்கள் பெருகின. மார்கழி என்றால் கச்சேரி என்று ஆயிற்று. 1996 டிசம்பரில் முட்டுக்காட்டில் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா, தென்னாட்டுப் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொணர்ந்து எழுப்பி, அவற்றின் திண்ணைகளிலும் முற்றங்களிலும் கைவினைஞரை அமர்த்திற்று. இவையெல்லாம் பாராட்டுக்குரிய முயற்சிகள். எனினும் இங்கும் வருவோர் பெரும்பாலும் சுவைஞராகவே வந்து சுவைஞராகவே திரும்புகின்றனர்.

இனித் திருவண்ணாமலைக்கு வரலாம். இவ்வூரின் பனிக்காலம் கார்த்திகையில் கொடியேற்றத்தோடு தொடங்குகிறது. பத்து நாள் விழாவின் நிகழ்ச்சிகளை இவ்வவையில் விரித்துரைத்தல், கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். ஆயினும் ஒரு கோணத்தில் மட்டும் அவற்றை மீண்டும் நோக்குதல் தகும்: இவ்விழாவில் வேடிக்கை பார்ப்போர் எத்தனை பேர் என்பதை விட்டு, வேலை உடையோர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஏழாம் நாள் ஐந்து தேர்கள் மாடவீதிகளில் உருள்கின்றன. அம்மன் தேரின் வடத்தைப் பெண்களே பற்றுகின்றனர். சண்டிகேசுவரர் தேர் சிறுவர்க்கு உரியது. குழந்தைகளுக்கெனத் தனி நிகழ்ச்சி வகுப்பதை இன்றைய கலைக்கூடங்கள் புதுமையாகக் கருதுகின்றன. இங்கோ குழந்தைகளுக்குத் தனித் தேரே உண்டு. வடம் பிடிப்போர்க்கு முன்னால் ஆயிரம் கண்கள் தெரிவதில்லை. முன்னே செல்பவரின் முதுகும் தம் கையிலுள்ள கயிறுமே தெரிகின்றன. சக்கரத்தின் கீழ் முட்டுக்கட்டை இடுபவர் தேரின் மேல் தட்டுச் சிற்பங்களை அப்போது காண்பதே இல்லை. ஆனால் தேர் எங்கே சாயும், எந்தத் திருப்பத்தில் முரண்டு பிடிக்கும், எந்த அச்சு முனகும் என்பதை அவரறிந்த அளவுக்கு எந்தக் கலைத்திறனாய்வாளரும் அறியார்.

பத்தாம் நாள் விடியலில் பரணி தீபம். மாலை ஆறு மணிக்கு 2,668 அடி உயர மலைமேல் மகாதீபம். ஓர் ஆளின் உயரத்தை ஒட்டிய செப்புக் கொப்பரை, ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட காடாத் துணித் திரி, அண்மை ஆண்டுகளில் 3,500 கிலோவுக்குக் குறையாத நெய் ஆகிய அனைத்தும் மனிதர் தோளிலேயே மேலேறுகின்றன. தீபமேற்றும் பணி வழிவழியாகப் பர்வதராஜகுலத்தார்க்கு உரியது. பதினொரு நாள் தீபம் எரிகிறது. பின்னர்க் கொப்பரை கீழிறங்குகிறது. அதில் திரண்ட மை வீணாவதில்லை. மார்கழித் திருவாதிரையன்று ஆடவல்லானின் திருமேனியில் அது சாத்தப்படுகிறது. கார்த்திகையில் ஊரார் தந்த நெய், மார்கழியில் செப்புத் திருமேனியின் நெற்றிக்கு வந்து சேர்கிறது. எழும்பூரில் திருவாலங்காட்டு நடராசர் நிற்கிறார். உலகம் வியக்கும் வார்ப்பு அது. திருவாதிரையன்றும் அவர் மற்ற நாளைப் போலவே நிற்கிறார். இவ்விரண்டு நடராசர்க்கும் இடையிலுள்ள வேறுபாடு கலைத்தரத்தில் இல்லை. ஒருவர்க்கு அந்த நாளில் ஊராரிடமிருந்து ஒன்று வந்து சேர வேண்டியிருக்கிறது. மற்றவர்க்கு அவ்வாறு இல்லை.

தை பிறந்ததும் மாட்டுப் பொங்கல் நாளில் திருவூடல். பிருங்கி முனிவர் தம்மை விலக்கி இறைவனை மட்டும் வழிபட்டார் என்று அம்மை ஊடுகிறாள். திருவூடல் தெரு முழுவதும் அரங்கமாகிறது. சுந்தரர் தூது நடக்கிறார். அம்மை கோயிலுக்குள் சென்று கதவடைத்துக்கொள்கிறாள். இறைவன் அன்றிரவு வெளியே தங்கி, மறுநாள் மலைவலம் வந்து, அதன் பின்னரே மறுவூடலில் சேர்கிறான். மருதத்திணையின் உரிப்பொருளைக் கற்பிக்க இதைவிட நல்ல பாடம் ஏது? இதனைத் தெருவிலுள்ள ஒவ்வொரு வீடும் வாசலில் நின்று நடத்துகிறது. தூது பலிக்கவில்லையே என்று அங்காந்து நிற்கும் பாட்டியர்க்குக் கதை முடிவு தெரியாததன்று. இருந்தும் ஆண்டுதோறும் அவர்கள் கவலைப்படுகின்றனர். அந்தக் கவலையும் அந்நாடகத்தில் ஒரு பாத்திரம்.

இவற்றையெல்லாம் கட்டிக் காக்கும் ஏற்பாட்டுக்கு ஊரார் வழங்கும் பெயர் முறை. இந்த நாள் இவர் மண்டகப்படி, இந்த மாலை இவர் உபயம், இந்த வடம் இன்னார் கை என்பது அது. உபயதாரர் பெயரால் குழல்விளக்கின் ஒளியே மறைந்து போகும் வேடிக்கையும் இதனுள் அடங்கும். அதுபோன்ற பெயர்ப்பலகைகள் மேலை நாட்டுக் கூடங்களிலும் குறைவில்லை. சீட்டு வைத்திருப்பவர் வராமற் போனால் அவருக்கு மட்டுமே இழப்பு. முறை உடையவர் வராமற் போனால் விழாவே நின்றுவிடும். சீட்டுக்கும் முறைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

2024ஆம் ஆண்டுப் பனிக்காலம் இதனைக் கண்ணீரோடு காட்டிற்று. ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் டிசம்பர் 1ஆம் நாள் மலைச்சரிவு ஏற்பட்டு, அடிவாரத்து வ.உ.சி. நகரில் வீடு புதைந்து ஏழு உயிர்கள் மறைந்தன. அவர்களுள் ஐவர் சிறுவர். மண் இளகிக் கிடந்த நிலையில், டிசம்பர் 13ஆம் நாள் தீபத்தன்று மக்கள் மலையேறத் தடை விதிக்கப்பட்டது. காண்போர் கீழேயே நின்றனர். நெய்யும் திரியும் சுமக்கும் கடமை உடையோர் மட்டும் ஏறினர். தீபம் எரிந்தது. அவ்வாண்டு அந்த ஒளியைக் கண்ட கண்கள் பல, அதனைத் தந்த தோள்கள் சில என்பது எவர்க்கும் விளங்கிற்று.

2002ஆம் ஆண்டில் இவ்வாலயம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டு, இந்தியத் தொல்லியல் துறையின்கீழ்க் கொண்டுவரப்பட்டபோது ஊரார் கொதித்தெழுந்ததும் இதன் பொருட்டே. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பின்னர் அம்முடிவு கைவிடப்பட்டது. அவ்வெதிர்ப்பைக் கலையறிவின்மை என்று அன்று சிலர் எண்ணியிருக்கலாம். தங்கள் முறை பறிபோய்த் தாங்கள் வெறும் பார்வையாளராகி விடுவோமோ என்னும் அச்சமே அதன் அடியில் இருந்தது. அந்த அச்சம் நியாயமானது.

இவ்வளவும் கூறிய பின்னர் மறுபக்கத்தைக் கூறாது விடுதல் நேர்மையாகாது. முறைக்கு இரண்டு பெருங்குறைகள் உண்டு.

ஒன்று, முறை உள்ள இடத்தில் பார்வை மங்கிவிடுகிறது. கிருட்டிணதேவராயர் தொடங்கித் தஞ்சை நாயக்கர் சேவப்பர் காலத்தில் நிறைவுற்ற 217 அடி உயர இராசகோபுரத்தின் கீழே ஆண்டுக்கு எத்தனை இலட்சம் பேர் நடக்கின்றனர்! அவ்வாயிலின் உட்பக்கத்தில் நாட்டிய சாத்திரம் கூறும் கரணங்களைக் காட்டும் ஆடற்சிற்பங்கள் வரிசையாக உள்ளன. கால் தூக்கியும் இடை வளைத்தும் கை விரித்தும் நிற்கும் அப்பெண்களை நிமிர்ந்து பார்ப்போர் மிகச் சிலரே. கூட்டம் தள்ளுகிறது, நேரம் துரத்துகிறது, கண் கருவறையை நோக்கியே ஓடுகிறது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் இவ்வாலயத்தின் கட்டடக்கலை, சிற்பம், கல்வெட்டு, விழா ஆகியவற்றை ஆராய்ந்து 1989, 1990ஆம் ஆண்டுகளில் பல தொகுதிகளாக வெளியிட்டன. அயலார் நின்று நோக்கியதை ஊரார் நடந்தே கடக்கின்றனர். அருங்காட்சியகம் கற்பிக்கும் அந்த நின்று நோக்கும் பழக்கம் இங்கு வர வேண்டும்.

மற்றொன்று இதனினும் கடுமையானது. முறை பெரும்பாலும் பிறப்பால் வருகிறது. பிறப்பாலேயே மறுக்கவும் படுகிறது. 1939இல் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது. ஆயினும் இதே மாவட்டத்தில், தண்டராம்பட்டை அடுத்த தென்முடியனூரில், முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்கள் முதன்முறையாக நுழைந்தது 2023 ஜனவரி 30ஆம் நாள். அதுவும் காவல்துறையின் காப்போடு. பொங்கல் வைக்கும் தைத் திங்களில், தம் ஊர்க் கோயிலில் பொங்கல் வைக்க எண்பது ஆண்டுகள் காத்திருந்தவர்களை நினையாது முறையின் பெருமையைப் பேசுவோர் பாதி உண்மையையே பேசுகின்றனர். செத்த காலேஜ் என்று நகைக்கப்பட்ட அருங்காட்சியகத்தின் வாயிலிலோ, யார் எவர் என்று ஒருவரும் கேட்டதில்லை. சீட்டு வாங்கிய எவர்க்கும் அதே வாயில், அதே நடை, அதே நடராசர். அந்தத் திறந்த வாயிலின் அருமையை உணர்ந்தவர்கள், அதற்குச் செத்தது என்னும் அடைமொழியைச் சற்றுத் தயங்கியே வழங்குவர்.

ஆகவே வாயில் அருங்காட்சியகத்தினுடையதாகவும், முறை ஆலயத்தினுடையதாகவும் அமைந்த ஒரு கூடல் வேண்டும். பிறப்புக் கேட்காத முறை. வேலை தரும் உறுப்புரிமை. அதனை அரசு செய்யும் என்றோ ஆலயம் செய்யும் என்றோ காத்திருக்க வேண்டுவதில்லை. பத்தாண்டு நிறைந்த ஓர் இலக்கிய வட்டத்துக்கு அது இயலக்கூடிய செயலே. 1980களிலும் 1990களிலும் முற்போக்கு எழுத்தாளர்கள் இவ்வூரில் விடிய விடிய நடத்திய கலை இரவுகள் அதற்கு முன்னோடி. பனியில் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு கவிதையும் பாட்டும் கேட்ட மக்கள், சீட்டு வாங்கி வந்தவர்கள் அல்லர்.

செயல்திட்டம் எளிது. வட்டத்தின் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு தூணையோ ஒரு சிற்பத்தையோ ஒரு கல்வெட்டையோ தம் முறையாக ஏற்கலாம். ஓராண்டு அதனோடு பழகலாம்: காலை வெயிலில் அது எப்படி, மழை நாளில் எப்படி, எங்கே மூக்கு உடைந்திருக்கிறது, எங்கே எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கிறது, கல்வெட்டில் பெயர் பெற்ற விளக்கும் ஆடும் இன்னும் என்ன சொல்கின்றன என்று. கார்த்திகை முதல் மாசி வரையிலான மாதங்களில் ஒரு மாலை, பத்துப் பேரை அழைத்துச் சென்று அதனைக் காட்டலாம். பௌர்ணமி நாள் வேண்டா. கூட்டமில்லாத எளிய கிழமை ஒன்று போதும். பத்துப் பேரில் பாதி பள்ளிப் பிள்ளைகளாக இருத்தல் நன்று. முட்டுக்கட்டை இடுபவர் ஒருவர், நெய்க்குடம் சுமந்தவர் ஒருவர், கல் தச்சர் ஒருவர், தெருக்கூத்துக் கலைஞர் ஒருவர் எனப் பேசுவோரும் மாறி மாறி வரட்டும். இறுதியில் ஒரு கவிதை போதும். அக்கவிதை அந்தச் சிற்பத்தைப் புகழ வேண்டும் என்பதில்லை. அதனை உண்மையில் பார்த்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

கட்டணம் இல்லை, முன்வரிசை இல்லை. வராதவர்க்குத் தண்டனையும் இல்லை. ஆனால் அன்று அந்தத் தூண் யாருமின்றி நிற்கும் என்பதை அவர் அறிந்திருப்பார். அது போதிய தண்டனையே.

பின்பனியில், மாசி மகத்தன்று, இவ்வூரின் மிக நுட்பமான நிகழ்ச்சி நிகழ்கிறது. போசள மன்னர் மூன்றாம் வல்லாளர் இவ்வூரைத் தம் தலைநகராகக் கொண்டிருந்தவர். 1343ஆம் ஆண்டளவில் மதுரைச் சுல்தானுடன் நிகழ்ந்த போரில் மாண்டவர். அவருக்குப் பிள்ளை இல்லை என்றும் இறைவனே மகனாக வந்தான் என்றும் தல மரபு கூறுகிறது. அதனால் ஆண்டுதோறும் பள்ளிகொண்டாப்பட்டில் கௌதம நதிக்கரைக்கு அண்ணாமலையார் எழுந்தருளித் தந்தைக்குத் திதி கொடுக்கிறார்.

வல்லாளர்க்குப் பெயர் இருந்தது. திதி கொடுக்க ஒருவர் வந்தார். கோபுரத்தின் உட்சுவரில் ஆடற்பெண்களைச் செதுக்கிய கைகளை இன்று பெயர் சொல்லி அழைப்பார் எவருமில்லை. கொப்பரையை வார்த்தவர், முதல் தேருக்கு அச்சு இழைத்தவர், அம்மை வேடத்து ஊடலுக்கு முதன்முதலில் தெருவை அரங்கமாகக் கண்டவர் ஆகியோர் அனைவரும் வழித்தோன்றல் அறியாதவர்களே. அவர்கள் செய்தவற்றின் முன் ஒரு மாலைப்பொழுது நின்று நோக்குவது அவர்களுக்குச் செய்யும் கடன். அக்கடனுக்கு உரிய பிள்ளைகள் கவிஞர்களே.

பத்தாண்டுகள் சொல்லால் கூடிய இவ்வட்டம், வருகின்ற பனிக்காலங்களில் முறையாலும் கூடட்டும். வட்டம் வாழ்க! வளர்க அதன் பணி!